தரையில் ஒரு வானம்

நுழையும்முன்

நீரில் இறங்காமல் நீந்தப் பழக முடியாது என்பது உலக வழக்கு. வானில் ஏறாமல் விமானம் ஓட்டப் பழக முடியுமா? சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வினாவைக் கேட்டவர்கள் நகைப்புக்கு ஆளாகியிருப்பர். ஆயினும் இசைக்கருவித் தொழிற்கூடம் ஒன்றில் வளர்ந்த இளைஞர் ஒருவர், துருத்திகளையும் காற்றுக் குழாய்களையும் கொண்டு அதற்கு விடை கண்டார். இன்று விமானிகளும் விண்வெளி வீரர்களும் தரையிலேயே பயிலும் சிமுலேட்டர் என்னும் பாவனைப்பொறி அவ்விடையிலிருந்து வளர்ந்ததே. எட்வின் ஆல்பர்ட் லிங்க் என்னும் அப்பெருமகனாரின் வாழ்வைக் கூறுகிறது இப்பாடம்.

இசையும் காற்றும்

எட்வின் லிங்க் 1904 ஆம் ஆண்டு சூலை 26 ஆம் நாள் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த ஹன்டிங்டன் என்னும் ஊரில் பிறந்தார். 1910 ஆம் ஆண்டில் அவருடைய குடும்பம் நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டன் நகருக்குக் குடிபெயர்ந்தது. நொடித்துப்போன இசைக்கருவி நிறுவனம் ஒன்றை அவர்தம் தந்தையார் அங்கு வாங்கி நடத்தினார். தானே இசைக்கும் பியானோக்களும், ஊமைப்படம் ஓடும் திரையரங்குகளில் பின்னணி இசை வழங்கிய ஆர்கன் என்னும் பெரிய குழலிசைக் கருவிகளும் அங்கு உருவாயின.

அக்கருவிகளின் உயிர்நாடி காற்றே ஆகும். விசைப்பலகையில் ஒரு விசையை அழுத்தினால் எங்கோ ஒரு வால்வு திறக்கும், சிறு துருத்தி ஒன்று சுருங்கும் அல்லது விரியும், அதனோடு இணைந்த உறுப்பு அசையும், இசை பிறக்கும். தானியங்கிப் பியானோவில் விசையை அழுத்த விரல்கூடத் தேவையில்லை. துளையிட்ட தாள்சுருள் நகரும்போது, துளை வரும் இடத்தில் காற்று புகுந்து அதற்குரிய சுரத்தை எழுப்பும். பள்ளிப் படிப்பில் பெரிதும் நாட்டம் கொள்ளாத எட்வினுக்கு இத்தொழிற்கூடமே கல்விக்கூடமாயிற்று. காற்றை அடக்கவும், விடுவிக்கவும், வேண்டிய அளவில் வேலை வாங்கவும் அவர் கைகள் அங்குப் பழகின.

முதல் பாடம் தந்த ஏமாற்றம்

1920 ஆம் ஆண்டு, பதினாறு வயதை எட்டும் பருவத்தில், கலிபோர்னியாவில் எட்வின் தம் முதல் பறத்தல் பாடத்தைப் பெற்றார். அதற்கு 50 டாலர் கட்டணம் செலுத்தினார். அக்காலத்தில் அது பெருந்தொகை. பயிற்றுநர் விமானத்தை வானில் குட்டிக்கரணம் அடிக்கச் செய்தார். தாழப் பறந்து வேடிக்கை காட்டினார். எட்வினின் கை ஒருமுறைகூடக் கட்டுப்பாட்டுத் தண்டின்மேல் படவில்லை.

அன்றைய பயிற்சி முறை பெரும்பாலும் அவ்வாறே இருந்தது. எரிபொருளுக்குச் செலவு மிகுதி, விமானங்களோ அரிதானவை, மாணவன் செய்யும் பிழைக்கு மாணவன் உயிரும் ஆசிரியர் உயிரும் விலையாகக்கூடும். எனவே ஆசிரியர் கட்டுப்பாட்டைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். மாணவன் வேடிக்கை பார்த்தான். பிழை செய்ய வாய்ப்பில்லாத இடத்தில் கற்றலுக்கும் வாய்ப்பில்லை. தடுமாறினாலும் உயிருக்கு ஊறு நேராத ஓர் இடம் வேண்டும் என்னும் தேவை எட்வினின் உள்ளத்தில் ஊன்றியது.

தந்தையாரின் தொழிற்கூடத்தில் உழைத்துக்கொண்டே அவர் பறக்கக் கற்றார். 1920களின் பிற்பகுதியில், செஸ்னா நிறுவனம் முதன்முதலாக விற்பனைக்கு அளித்த விமானத்தைத் தமதாக்கிக்கொண்டார். ஊர் ஊராகச் சென்று வான்சாகசம் காட்டியும், பயணிகளை ஏற்றிச் சென்றும், மாணவர்களுக்குக் கற்பித்தும் பொருளீட்டினார்.

துருத்திகள் பறந்தன

1927 முதல் 1929 வரையிலான காலத்தில், தொழிற்கூடத்தின் நிலவறையில் எட்வின் ஒரு புதுமையான பொறியை உருவாக்கினார். சிறிய இறக்கைகளும் வாலும் கொண்ட குட்டி விமானம் போன்ற கூடு அது. ஒருவர் அமரும் அளவுக்கே அதில் இடமிருந்தது. எப்பக்கமும் சாயக்கூடிய மூட்டு ஒன்றின்மேல் கூடு நிறுத்தப்பட்டது. அதன் அடியில் ஆர்கன் இசைக்கருவியில் பயன்படும் துருத்திகள் பொருத்தப்பட்டன. மின்னோடியால் இயங்கிய காற்றுறிஞ்சி, துருத்திகளுக்கு வேண்டிய வெற்றிடத்தை உண்டாக்கியது.

மாணவர் கட்டுப்பாட்டுத் தண்டை இடப்புறம் சாய்த்தால் அதனோடு இணைந்த வால்வு திறக்கும். இடப்பக்கத் துருத்தியிலிருந்து காற்று உறிஞ்சப்பட, அது சுருங்கிக் கூட்டினை அப்பக்கம் சாய்க்கும். தண்டைப் பின்னோக்கி இழுத்தால் கூட்டின் மூக்கு மேலெழும். காலால் மிதியை அழுத்தினால், காற்றால் இயங்கும் வேறொரு பொறி கூட்டினைச் சுழற்றும். இசைப்பலகையில் விரல் அழுத்தம் ஒலியாக மாறியதுபோல, இங்குக் கை, கால்களின் அழுத்தம் பறத்தலின் அசைவாக மாறியது. கருவி வேறாயினும் அடிப்படை ஒன்றே.

1931 ஆம் ஆண்டில் இப்பொறிக்குக் காப்புரிமை கிடைத்தது. காப்புரிமைத் தலைப்பே, அது பயிற்சிக் கருவி என்பதோடு கேளிக்கைக் கருவி எனவும் குறித்தது. அதற்குக் காரணம் உண்டு. பறத்தல் பள்ளிகள் அதனைப் பொருட்படுத்தவில்லை. கேளிக்கைப் பூங்காக்களே விரும்பி வாங்கின. அங்குக் காசு போட்டவர்கள் ஏறி ஆடி மகிழ்ந்தனர். உயிர் காக்கும் கருவியை உலகம் விளையாட்டுப் பொருளாகவே முதலில் கண்டது.

அதே 1931 ஆம் ஆண்டில் எட்வின், செய்தியாளரான மரியன் கிளேட்டனை மணந்தார். தொழிலிலும் பின்னாளில் கடற்பயணங்களிலும் மரியன் அவருக்கு உற்ற துணையாக விளங்கினார்.

இறக்கையின்கீழ் எழுத்துகள்

பேசும் படங்கள் வந்தபின் திரையரங்குகளில் ஆர்கனுக்கு வேலையில்லாமல் போயிற்று. 1929 இல் தொடங்கிய பொருளாதாரப் பெருமந்தம் பறத்தல் பயில வருவோரின் எண்ணிக்கையையும் குறைத்தது. வருவாய்க்கு வழி தேடிய எட்வின் மீண்டும் தாம் அறிந்த இசைத்தொழிலிடமே சென்றார். விமான இறக்கையின் அடிப்பக்கத்தில் மின்விளக்குகளைப் பொருத்தினார். எந்த விளக்கு எப்போது எரிய வேண்டும் என்பதைப் பியானோவின் துளையிட்ட தாள்சுருள் முடிவு செய்தது. இரவு வானில் விளம்பர எழுத்துகள் மாறி மாறி ஒளிர்ந்தன. ஊரார் அண்ணாந்து பார்த்தனர். பிழைப்புக்காகச் செய்ததே எனினும், ஒளிரும் எழுத்தை இரவில் பயன்கொள்ளும் கலையை எட்வின் அறிந்திருந்தார் என்பதற்கு அது சான்று. இரவிலும் முகிலிலும் அவரே பறக்க வேண்டியிருந்ததால் கருவிகளை நம்பிப் பறக்கும் திறனும் அவருக்கு வளர்ந்தது.

உடல் சொல்லும் பொய்

முகிலுக்குள் நுழைந்த விமானிக்கு வானும் தெரியாது, மண்ணும் தெரியாது. அந்நிலையில் தம் உடலுணர்வை நம்பியவர்களே பெரிதும் மாண்டனர். மனிதனின் உட்செவியில் உள்ள அரைவட்டக் குழல்களில் நிறைந்த நீர்மம், உடல் திரும்பும்போது அதனை மூளைக்கு உணர்த்துகிறது. திருப்பம் சீராக நீடித்தால் அந்நீர்மமும் உடலோடு ஒத்து நகர்ந்துவிடுகிறது. திரும்பும் உணர்வு மறைந்துவிடுகிறது. விமானம் ஒருபக்கம் சாய்ந்து சுழன்று இறங்கிக்கொண்டிருக்க, நேராகச் செல்வதாகவே விமானி எண்ணுகிறார். கருவிகள் உண்மையைக் காட்டினாலும் அவற்றை நம்ப மனம் ஒப்புவதில்லை. தன் உணர்வை மறுத்துக் கருவியை நம்புவது, பயிற்சியால் மட்டுமே கைகூடும்.

1934 ஆம் ஆண்டு பிப்ரவரியில், அமெரிக்க அரசு தனியார் நிறுவனங்களின் வான்வழி அஞ்சல் ஒப்பந்தங்களை நீக்கி, அப்பணியைப் படையின் வான்பிரிவிடம் ஒப்படைத்தது. கடுங்குளிர் காலம் அது. கருவி வழிப் பறத்தலில் போதிய பயிற்சி பெறாத இளம் விமானிகள் பனியிலும் இருளிலும் அஞ்சல் பைகளோடு புறப்பட்டனர். சில மாதங்களுக்குள் பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நாடு அதிர்ந்தது.

அவ்வாண்டிலேயே படை அலுவலர்கள் எட்வினின் பொறியைப் பற்றிக் கலந்தாய்வு செய்ய நுவார்க் விமானத்தளத்தில் காத்திருந்தனர். அன்று மூடுபனி சூழ்ந்திருந்தது. இத்தகைய வானிலையில் அவர் வரமாட்டார் என அலுவலர்கள் கருதினர். அவர்கள் கலைந்து செல்ல எண்ணிய வேளையில் விமான ஒலி கேட்டது. பிங்காம்டனிலிருந்து கருவிகளின் துணையால் பனியை ஊடுருவி வந்த எட்வின் பாதுகாப்பாகத் தரையிறங்கினார். கருவி வழிப் பறத்தல் கற்கக்கூடிய திறன் என்பதற்கு வேறு சான்று வேண்டியிருக்கவில்லை. ஒன்று 3,500 டாலர் வீதம் ஆறு பயிற்சிப்பொறிகளைப் படை வாங்கியது.

நீலப் பெட்டி

இரண்டாம் உலகப்போர் மூண்டபோது அப்பொறியின் தேவை பன்மடங்கு பெருகியது. நீல வண்ணம் பூசப்பட்டிருந்ததால் விமானிகள் அதனை நீலப் பெட்டி என அழைத்தனர். மாணவர் உள்ளே அமர்ந்ததும் மேல்மூடி சாத்தப்படும். வெளியுலகம் மறையும். எஞ்சியிருப்பவை உயரமானி, வேகமானி, திசைகாட்டி முதலிய கருவிகளும், காதணியில் ஒலிக்கும் பயிற்றுநர் குரலுமே. அருகில் மேசையில் அமர்ந்திருக்கும் பயிற்றுநர்முன் ஒரு நிலப்படம் விரிந்திருக்கும். அதன்மேல் மூன்று சிறு சக்கரங்கள் கொண்ட பதிவி ஊர்ந்து, மாணவர் பறந்த பாதையை மையால் வரைந்துகொண்டே செல்லும். பயிற்சி முடிந்ததும் மூடியைத் திறந்து வெளிவரும் மாணவர், தாம் எங்கு வழி தவறினோம் என்பதைத் தாளிலே காணலாம். மலையில் மோதியிருக்க வேண்டிய பிழை, மைக்கோடாக மட்டும் நின்றது.

போர்க்காலத்தில் 10,000க்கும் மேற்பட்ட நீலப் பெட்டிகள் உருவாயின. நேசநாடுகளைச் சேர்ந்த ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வான்படையினர் அவற்றில் பயின்றனர். கடற்படை வழிகாட்டல் அறிஞர் பிலிப் வான் ஹார்ன் வீம்ஸ் என்பவரோடு இணைந்து, விண்மீன்களைக் கொண்டு வழியறியும் பயிற்சிப்பொறியையும் எட்வின் வடிவமைத்தார். ஏறத்தாழ 45 அடி உயரமுள்ள கட்டடத்துக்குள் செயற்கை விண்மீன்கள் ஒளிர, வான்வீரர்கள் அவற்றை அளந்து இரவில் பெருங்கடலைக் கடக்கும் வழியைக் கற்றனர்.

கடலின் அடியில்

1950களில் எட்வின் தம் நிறுவனத்தை வேறொரு பெருநிறுவனத்தோடு இணைத்தார். 1953 ஆம் ஆண்டில் மரியனோடு சேர்ந்து ஆய்வு மாணவர்களுக்கு உதவும் அறக்கட்டளையை நிறுவினார். ஓய்வு பெறவேண்டிய வயதில் அவர் கவனம் கடலுக்குத் திரும்பியது. 1692 ஆம் ஆண்டு நிலநடுக்கத்தால் கடலில் மூழ்கிய ஜமைக்காவின் போர்ட் ராயல் நகரை 1959 இல் அவருடைய குழு ஆராய்ந்தது. அங்குக் கிடைத்த சட்டைப்பைக் கடிகாரம் ஒன்றை ஊடுகதிரால் ஆராய்ந்தபோது, அந்நகர் மூழ்கிய நேரம் முற்பகல் 11.43 என்பதை அதன் முட்கள் இருந்த இடம் காட்டியது.

ஆழ்கடலில் மனிதர் நெடுநேரம் தங்கிப் பணிபுரிய இயலுமா என்பது அவர் அடுத்து எடுத்துக்கொண்ட வினா. 1962 ஆம் ஆண்டு மத்தியதரைக் கடலில், தாம் வடிவமைத்த உருளைக்கலத்தை முதலில் தாமே சோதித்தார். 58 வயதில் 60 அடி ஆழத்தில் எட்டு மணிநேரம் தங்கினார். பின்னரே ராபர்ட் ஸ்டெனுவி என்னும் மூழ்குநர் 200 அடி ஆழத்தில் ஒரு நாளைக் கழித்தார். தாம் ஏறாத கலத்தில் பிறரை ஏற்றாமை எட்வினின் இயல்பு.

அவர் சந்தித்த பெருந்துயரும் கடலிலேயே நேர்ந்தது. 1973 ஆம் ஆண்டு சூன் மாதம், அவர் வடிவமைப்பில் உருவான நீர்மூழ்கிக் கலம் புளோரிடாவை ஒட்டிய கடலில், மூழ்கிக் கிடந்த கப்பல் ஒன்றின் சிதைவில் சிக்கிக்கொண்டது. கலத்தில் நால்வர் இருந்தனர். மீட்புப்பணி ஒரு நாளுக்கும் மேல் நீடித்தது. கரியமில வாயுவை உறிஞ்சும் வேதிப்பொருள், பின்புற அறையின் கடுங்குளிரில் செயல் குன்றியது. அவ்வறையில் இருந்த இருவரும் மாண்டனர். அவர்களுள் ஒருவர் எட்வினின் மகன் கிளேட்டன், வயது 31.

பிறர் பிழையால் இறவாதிருக்க வழி கண்டவர், தம் கலத்தில் தம் மகனை இழந்தார். அப்போது அவருக்கு வயது 68. கடலைவிட்டு விலகியிருந்தால் உலகம் அவரைக் குறை கூறியிராது. அவர் விலகவில்லை. சிக்கிய கலத்தை ஆளில்லாமலே அணுகவும், தடைகளை வெட்டி விடுவிக்கவும் வல்ல வடத்தால் இயங்கும் மீட்புக்கருவியை வடிவமைப்பதில் ஈடுபட்டார். இனி ஒரு கலம் அவ்வாறு சிக்கினால் உள்ளிருப்போர் பிழைக்க வேண்டும் என்பதே அவர் நோக்கம்.

ஒளிரும் விசைகள்

இதற்கிடையில் அவர் தொடங்கிய நிறுவனம் விண்வெளிக்கும் பாவனைப்பொறிகளைச் செய்தது. நிலவுக்குச் சென்ற அப்போலோ வீரர்கள் லிங்க் பெயர் தாங்கிய பொறிகளில் பல நூறு மணிநேரம் பயின்றனர். அவர்கள்முன் இருந்த கணினிப் பலகையில் 19 விசைகளும் ஒளிரும் எண்களும் இருந்தன. கணினிக்கான கட்டளை இரு பகுதிகளைக் கொண்டது. வினைச்சொல்லுக்கு ஓர் எண். பெயர்ச்சொல்லுக்கு ஓர் எண். எதைச் செய்ய வேண்டும் என்பதை வினையும், எதன்மேல் செய்ய வேண்டும் என்பதைப் பெயரும் உணர்த்தின. நிலவுக்குச் சென்றவர்களுக்கும் இலக்கணம் துணைநின்றது.

இன்றைய பயணிகள் விமானங்களிலும் அத்தகைய விசைப்பலகை உண்டு. விமானி தம் பயண வழியை அதில் எழுத்தெழுத்தாக உள்ளிடுகிறார். இரவில் விமானி அறை மங்கலாகவே இருக்க வேண்டும்; பேரொளி பட்டால் இருளுக்குப் பழகிய கண் மீண்டும் முழுமையாக இருளுக்குப் பழக அரை மணிநேரம் வரை பிடிக்கக்கூடும். எனவே விசைகளின்மேல் ஒளியைப் பாய்ச்சாமல், எழுத்துகளை மட்டும் பின்னிருந்து ஒளிரச் செய்வர்.

உலகெங்கும் ஆர்வலர் பலர் தம் இல்லத்து அறையிலேயே விமானி அறையை அமைத்து, இவ்விசைப்பலகையையும் தம் கையாலேயே செய்கின்றனர். ஒளி ஊடுருவும் அக்ரிலிக் தகட்டின்மேல் முதலில் வெள்ளை வண்ணமும், அதன்மேல் கருமையோ சாம்பல் நிறமோ பூசப்படுகிறது. மேற்பூச்சை மட்டும் எழுத்து வடிவில் செதுக்கி நீக்குகின்றனர். அடியில் உள்ள ஒளி உமிழ் டையோடின் ஒளி வெள்ளைப் பூச்சில் பரவி எழுத்து வழியே சீராக வெளிப்படுகிறது. மிகு மின்னோட்டத்தால் டையோடு பழுதாகாமலிருக்க ஒரு மின்தடையம் காவல் நிற்கிறது.

எழுபதுக்கும் மேற்பட்ட விசைகள் ஒவ்வொன்றுக்கும் தனிக் கம்பி இழுத்தால் பலகை சிலந்திக்கூடாகிவிடும். எனவே விசைகளை வரிசைகளும் நிரல்களுமாகக் கட்டமைக்கின்றனர். 8 வரிசை, 9 நிரல் எனில் 72 விசைகளுக்கு 17 கம்பிகளே போதும். நுண்கட்டுப்படுத்தி என்னும் சிறு சில்லு, ஒவ்வொரு வரிசையாக நொடிக்குப் பலமுறை தொட்டுப் பார்த்து, எந்த நிரலில் இணைப்பு நிகழ்ந்தது என்பதை அறிந்து கணினிக்கு உரைக்கிறது. அழுத்தப்பட்ட விசை அசைவைத் தூண்டும் அதே நெறியைத்தான் பிங்காம்டன் தொழிற்கூடத்தின் துருத்திகளும் வால்வுகளும் பின்பற்றின. அன்று காற்று செய்த பணியை இன்று மின்சாரம் செய்கிறது.

நிலைத்த பெயர்

முதுமையில் எட்வின் தம் இளமைக்காலத் தோழமையான ஆர்கன் இசைக்கருவிகளிடம் திரும்பினார். தம் தந்தையாரின் தொழிற்கூடத்தில் உருவான பழங்கருவிகளைத் தேடிச் செப்பனிட்டார். 1981 ஆம் ஆண்டு செப்டம்பர் 7 ஆம் நாள் பிங்காம்டனில் மறைந்தார். அந்நகரின் விமானத்தளம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

விமானம் ஓட்டும் உரிமை பெற விரும்புவோர், இயந்திரம் நிற்பதையும் தீப்பற்றுவதையும் புயலில் சிக்குவதையும் இன்று தரையில் நின்ற பொறிக்குள் பலமுறை சந்திக்கின்றனர். தடுமாறுகின்றனர்; மீண்டும் முயல்கின்றனர். பயணிகளோடு வானில் ஏறும் நாளில் அப்பிழைகளுள் பல அவர்களுக்குப் பழைய பாடங்களாகிவிடுகின்றன. 50 டாலர் கொடுத்தும் கட்டுப்பாட்டுத் தண்டைத் தொட முடியாமல் திரும்பிய ஒரு மாணவர், தமக்குப் பின்வந்த மாணவர்களுக்குத் தேடித் தந்த வாய்ப்பு அது.